மர ஸ்டாக் ரைபிளுக்கு வீட்டிலேயே எபாக்சி பெடிங்: எங்கே தப்பு நடக்கும்?

வால்நட்:
அப்பா வைத்திருந்த .30-06 போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் இப்போது என் பெயரில் இருக்கிறது. வால்நட் மர ஸ்டாக் (கட்டை). வெயில் காலத்தில் 100 மீட்டரில் குறி சரிசெய்து வைக்கிறேன். மழை பிடித்ததும் அதே தோட்டா நாலு விரல் இடப்பக்கம் தள்ளி விழுகிறது. ஸ்கோப் திருகுகள் ஆடவில்லை. பெடிங், அதாவது ரைபிளின் இரும்பு உடல் (ஆக்‌ஷன்) உட்காரும் மரக் குழியில் எபாக்சிப் பசையை வார்த்து அச்சாகப் பொருத்துவது, செய்தால் சரியாகும் என்கிறார்கள். மரவேலை கொஞ்சம் தெரியும், எபாக்சியைத் தொட்டதில்லை. இருப்பது இந்த ஒரே ரைபிள், கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

நேர்குழல்:
எபாக்சி வாங்கும் முன் ஒரு சோதனை. குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை காலியாக இருக்கிறது என்று விரல் விட்டே பாருங்கள், போல்ட்டைக் கழற்றி வையுங்கள். ஸ்டாக்கின் முனையில் குழலையும் மரத்தையும் சேர்த்துத் தொடும்படி ஒரு விரலை வைத்துக்கொண்டு, ஆக்‌ஷனின் முன் திருகைத் தளர்த்தி இறுக்குங்கள். விரலுக்கு அடியில் குழல் நகர்ந்தால் ஆக்‌ஷன் வளைந்து உட்கார்ந்திருக்கிறது. நகர்வை அளக்கும் டயல் கேஜ் இருந்தால் 0.05 மி.மீ.க்கு மேல் காட்டக் கூடாது. பிறகு குழலுக்கு அடியில் ஒரு தாளை விட்டு முனையிலிருந்து பின்னால் இழுத்துப் பாருங்கள். சிக்கினால் அங்கே மரம் குழலைத் தொடுகிறது.

வால்நட்:
நகர்வது நன்றாகவே தெரிகிறது. தாளும் பாதி வழியில் வலப்பக்கம் சிக்கி நிற்கிறது.

தச்சன்மகன்:
அப்படியானால் பெடிங்கும் வேண்டும், ஸ்டாக்கில் குழல் படுத்திருக்கும் பள்ளத்தை இழைத்து அகலப்படுத்தவும் வேண்டும். தம்பி, எந்த எபாக்சி என்று நாள்கணக்கில் தேடாதீர்கள். ஸ்டீல் புட்டி போல இறுகலாக, வழியாமல் நிற்கிற எதுவும் போதும். வேலை கெடுவது பசையால் இல்லை, பசை ஒட்டக் கூடாத இடத்தில் ஒட்டுவதால்.

என் முதல் ரைபிளில் அதுதான் நடந்தது. புட்டி ஒட்டாமலிருக்க இரும்பில் மெழுகு பூசினேன், மேகசின் வாயைக் களிமண்ணால் அடைத்தேன், டிரிகரைப் பிடிக்கும் ஊசி (pin) நுழையும் ஒரு சின்னத் துளையை மட்டும் விட்டுவிட்டேன். புட்டி அதற்குள் புகுந்து ஆணி மாதிரி இறுகிவிட்டது. மறுநாள் ஆக்‌ஷன் அசையவே இல்லை. ஒரு ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்து, திருகுகளை நாலு சுற்று மட்டும் மாட்டி, அவற்றின் தலையில் மரச் சுத்தியலால் மெல்லத் தட்டியபோது படாரென்று வந்தது. கூடவே ஒரு விரல் நீளத்துக்கு மரச் சிம்பும் வந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதனால் டிரிகரைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு குழியையும் களிமண்ணால் அடையுங்கள். மெழுகை இரண்டு முறை பூசுங்கள், திருகின் மரைக்குள்ளும்.

சுடும்போது வரும் உதையைத் தாங்குவது ரிகாயில் லக்கின் (ஆக்‌ஷனின் முன்பகுதியில் கீழே நீட்டியிருக்கும் இரும்புக் கட்டியின்) பின்முகம். அது மட்டும் எபாக்சியில் அழுந்தி உட்கார வேண்டும். முன்முகம், இரு பக்கம், அடி மூன்றுக்கும் ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள். டேப்பை உரித்த பிறகு அங்கே இடைவெளி நிற்கும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் ஓரம் பெயரும். லக் உட்காரும் பகுதியிலும் ஆக்‌ஷனின் பின்முனை வால் உட்காரும் இடத்திலும் 2–3 மி.மீ. மரத்தை உளியால் எடுங்கள். பழைய மட்டம் மாறாமலிருக்க இரண்டு சின்னத் திட்டுகளை மட்டும் தொடாமல் விடுங்கள்.

இன்னொன்று: புட்டி வைத்த பிறகு திருகை இறுக்கவே இறுக்காதீர்கள். இறுக்கினால் அந்த வளைவையே வார்ப்பெடுத்ததாகிவிடும். ஆக்‌ஷனை அதன் எடையிலேயே உட்கார வைத்து, ரப்பர் குழாயால் லேசாகச் சுற்றினால் போதும். குழல் நடுவில் நிற்க, ஸ்டாக் முனை வரும் இடத்தில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

வால்நட்:
அண்ணா, ஆறியதும் திருகு எவ்வளவு இறுக்கலாம்?

தச்சன்மகன்:
வெறும் மரமென்றால் 40 இஞ்ச்-பவுண்டு அளவில் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் மரம் நசுங்கும். திருகைச் சுற்றி மரத்துக்குள் அலுமினியத் தூண் (குழாய்) வைத்தால் 65 வரை தாங்கும். திருகுத் துளையைச் சற்றுப் பெரிதாக்குங்கள், திருகு பக்கச் சுவரைத் தொடக் கூடாது.

நேர்குழல்:
உங்கள் தொல்லை மழையில் வருகிறது, அதனால் இதையும் மறக்க வேண்டாம். இழைத்த குழல் பள்ளம் பூச்சில்லாத வெறும் மரமாகவே இருந்தால் மறுபடி ஈரம் குடித்து உப்பும். உள்ளே முழுக்க வார்னிஷ் இரண்டு கோட் அடித்துவிடுங்கள்.

வால்நட்:
முடித்துவிட்டேன். மெழுகை மூன்று முறை பூசினேன், துளைகளை டார்ச் அடித்து எண்ணினேன். மறுநாள் மாலை இரண்டு தட்டில் கழன்று வந்தது. லக்கின் பின்முகத்தில் இருந்த பழைய கீறல்கூட எபாக்சியில் அப்படியே பதிந்திருக்கிறது. தாள் லக் வரை தடையில்லாமல் ஓடுகிறது. முன் திருகைத் தளர்த்தினேன், விரலுக்கு அடியில் ஒன்றும் அசையவில்லை. மழை வந்ததும் சுட்டுப் பார்த்து எழுதுகிறேன்.