அம்மாவுக்குச் சில நொடிகள் மட்டும் வந்து மறையும் தலைவலி: எதனால் இருக்கும்?

கேள்வி (பாபநாசம்)
வணக்கம். 66 வயதான என் அம்மாவுக்கு மூன்று வாரங்களாக வலது நெற்றிப்பொட்டில் ஊசியால் குத்தியதுபோல் சுருக்கென்று ஒரு வலி வந்து, இரண்டு மூன்று நொடிகளில் மறைந்துவிடுகிறது. நேற்றுக் குறுவை விதைநெல்லை ஊறவைக்கத் தண்ணீர் கொண்டுவந்தவர், குடத்தை அப்படியே இறக்கி வைத்துவிட்டுப் பொட்டை அழுத்திக்கொண்டு நின்றார்; நான் ஓடிச் சேர்வதற்குள் வலி போய்விட்டது. வெயில்தான் காரணம் என்று சொல்லிச் சுக்குப் பற்றுப் போட்டுக்கொள்கிறார். காய்ச்சலோ வாந்தியோ இல்லை. இதற்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாம்?

பதில் (மன்னார்குடி)
எனக்கும் இப்படி நொடிப்பொழுது வலி உண்டு. ஆனால் அது பிடரியில் தொடங்கி, மின்சாரம் பாய்ந்ததுபோல் உச்சந்தலை வரை ஏறும். மண்டையோட்டின் அடியில் ஓரிடத்தை அழுத்தினாலே வலி கிளம்பியதைக் கண்டுபிடித்த மருத்துவர், பிடரி நரம்பின் வலி என்று கூறி, அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டார். அம்மாவுக்குக் கழுத்திலிருந்து வலி ஏறுகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

பதில் (ஓய்வுபெற்ற செவிலியர், திருவாரூர்)
தம்பி, பொட்டிலும் கண்ணைச் சுற்றியும் சில நொடிகள் குத்திவிட்டு மறையும் வலி பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். பல் துலக்கும்போதோ முகத்தில் காற்றுப் படும்போதோ கன்னத்திலும் தாடையிலும் மின்னல்போல் வெட்டினால், அது முகநரம்பு வலியாக இருக்கலாம். இருமும்போது மட்டும் வருகிற வலிக்கு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது.

ஆனால் 50 வயதைக் கடந்தவருக்குப் புதிதாகத் தலைவலி தொடங்கினால், அதை வெயிலின் தலையில் போட்டுவிட எனக்கு மனம் வராது. பொட்டில் ஓடும் ரத்தக்குழாய் அழற்சியால் வீங்குகிற நோய் ஒன்று உண்டு. தலைவாரும்போது மண்டைத் தோல் வலிக்கும். உணவை மெல்லும்போது தாடை நோகும், மெல்லுவதை நிறுத்தினால் தணியும். கவனிக்காமல் விட்டால் கண்பார்வை திரும்பி வராதபடி போய்விடக்கூடும் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய ரத்தப் பரிசோதனைகளிலேயே முதல் தடயம் கிடைக்கும். சந்தேகம் வலுத்தால் முடிவுகளுக்குக் காத்திராமல் ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்கிவிடுவார்கள்.

இன்னொன்று: ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறி, தணியாமல் நிலைத்துவிடும் கடும் வலி மூளையைச் சுற்றிய ரத்தக்கசிவாக இருக்கலாம். அப்படி வந்தாலோ, வாய் குழறினாலோ, கைகால் துவண்டாலோ உடனே 108-ஐ அழையுங்கள். இப்போது அம்மாவிடம் சீப்பைப் பற்றியும் மெல்லுவதைப் பற்றியும் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்
கேட்டேன் அம்மா. கழுத்தில் வலி இல்லை. ஆனால் வலப்பக்கம் சீப்பு வைக்கவே முடியவில்லை என்கிறார். சாப்பிட்டவுடன் வெற்றிலை போடாமல் இருக்கவே மாட்டார். பத்து நாட்களாக வெற்றிலைச் செல்லம் திறக்கப்படாமல் அலமாரியிலேயே இருப்பதை இன்றுதான் கவனித்தேன். தாடை நோகிறது என்று சொன்னால் நான் கவலைப்படுவேன் என்று மறைத்திருக்கிறார். பார்வை இதுவரை தெளிவாக இருக்கிறது. இப்போதே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் புறப்படுகிறோம்; நீங்கள் சொன்ன பரிசோதனைகளைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.