சிபேப் மாஸ்க்கோடு முதல் மாதம்: உங்கள் வீட்டில் எப்படி இருந்தது?

ஈரோடு

என் கணவருக்கு வயது 54. குறட்டை கல்யாணமான நாளிலிருந்தே உண்டு, அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன வருடம் ஒரு ராத்திரி அது சட்டென்று நின்றதில் எனக்கு முழிப்புத் தட்டிவிட்டது. நெஞ்சு ஏறி இறங்குகிறது, மூச்சு மட்டும் வரவில்லை. மனதுக்குள் எண்ணினேன். 23 வந்தபோது பெரிய செருமலோடு இழுத்து, புரண்டு படுத்தார். காலையில் கேட்டால் "நல்லாத்தானே தூங்கினேன்" என்கிறார். மத்தியானம் நான் தட்டைக் கழுவி வருவதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார்.

நுரையீரல் டாக்டர் தூக்கப் பரிசோதனை எழுதினார். மணிக்கு 41 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ போயிருந்தது. 5-க்குக் கீழே இருந்தால் சரி, 30-ஐத் தாண்டினால் தீவிரம். மாத்திரை போட்டும் பிபி அடங்காததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்றார்.

தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்று அனுப்புகிற சிபேப் மெஷின் வந்த முதல் நாலு ராத்திரியும் போராட்டம். "மூச்சு முட்டுது" என்று மாஸ்க்கைக் கழற்றி வீசுவார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் ஒரு டெக்னீஷியன் தம்பி வந்து, சாயங்காலம் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகச் சொன்னார். காற்று மெதுவாக ஏறும்படி 'ரேம்ப்' வைத்தார். இவரைப் படுக்கவைத்து வாரைச் சரிசெய்தார். உட்கார்ந்திருக்கும்போது கச்சிதமாக இருக்கிற மாஸ்க், படுத்ததும் கண்பக்கம் கசியுமாம். இறுக்கினால் கசிவு நிற்கும் என்று நாங்கள் நினைத்தது தப்பு, மூக்குத்தண்டில் புண்தான் மிச்சம்.

ஆக்சிஜன் மெஷினா என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். இல்லை. அறைக் காற்றையே அழுத்தி அனுப்பி, தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் திறந்து வைக்கிறது. போட்டுப் பழகினால் விடவே முடியாது என்ற பயமும் வேண்டாம். மூக்குக் கண்ணாடி மாதிரிதான், போடாத ராத்திரி பழைய தொல்லை திரும்பும்.

நாகர்கோவில்

அக்கா, அந்த மூக்குப் புண் எனக்கும் வந்தது. அதைவிடத் தொல்லை வாய். மூக்கு மாஸ்க்கோடு வாயைத் திறந்து தூங்குவேன், விடிந்தால் நாக்கு காய்ந்த ஓலை. வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க்குக்கு மாறியதும் தீர்ந்தது. ஏசி அறையில் குழாய்க்குள் தண்ணீர் கோத்து மூக்கில் தெறிக்கும். பழைய வேட்டித் துணியில் குழாய்க்கு உறை தைத்து, மெஷினில் ஈரப்பதத்தை ஒரு படி குறைத்தேன், நின்றது. காற்றை ஈரமாக்குகிற தண்ணீர்த் தொட்டியில் போர் தண்ணீர் வேண்டாம், உப்புப் படியும். டிஸ்டில்டு வாட்டர்தான் நல்லது. மாஸ்க்கைத் தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், முகத்து எண்ணெய் ஒட்டியிருந்தால் வழுக்கிக் கசியும்.

மதுரை

கரண்ட் போனால் என்ன செய்வது என்று பயந்தோம். இன்வெர்ட்டரில் நன்றாகவே ஓடுகிறது. தண்ணீர்த் தொட்டியின் சூட்டை அணைத்தால் பேட்டரி கூடுதல் நேரம் தாங்குகிறது. அக்கா, அப்பாவுக்குக் காலையில் வயிறு உப்பி ஏப்பமாக வருகிறதே, அங்கே அப்படி இருந்ததா?

ஈரோடு

இருந்தது தம்பி. காற்றை விழுங்குவதால் வருவதாம். டாக்டர் மெஷினில் பதிவானதைப் பார்த்து அழுத்தத்தைக் குறைத்தார். நீங்களாக மாற்றாதீர்கள், அப்பாவை ஒருமுறை காட்டிவிடுங்கள். நேற்று நான் தட்டைக் கழுவி வந்தபோது இவர் பேப்பரை விரித்து வைத்து வாசித்துக்கொண்டிருந்தார்.