வாடகை ஒப்பந்தத்தில் ‘செட்’: எங்கே என்ன தமிழ்?

கேள்வி (கொழும்பு_ஆறு)

வெள்ளவத்தையில் ஒரு அபார்ட்மென்டின் வாடகை ஒப்பந்தத்தைத் தமிழாக்க வேண்டும். ‘செட்’ என்ற ஒரே சொல் ஐந்து இடத்தில் நிற்கிறது. அட்டவணையில் ‘செட் அவுட்’ செய்த நிபந்தனைகள், முற்பணத்தை வாடகை நிலுவையோடு ‘செட் ஓஃப்’ செய்வது, பராமரிப்புக்குப் பணம் ‘செட் அசைட்’, ‘டூ செட்ஸ் ஒஃப் கீஸ்’, கடைசியில் நடுவர் தீர்ப்பை நீதிமன்றம் ‘செட் அசைட்’ செய்வது. எல்லாவற்றுக்கும் பொருந்த ஒரே தமிழ்ச் சொல் உண்டா?

அகராதிப்புழு

இல்லை, தேடவும் வேண்டாம். ஒக்ஸ்ஃபோர்ட் பேரகராதியின் 1989 பதிப்பில் இதற்கு வினைச்சொல்லாக மட்டும் 430 பொருள்.

ஆனால் வேரைப் பிடித்தால் பாதிச் சிக்கல் தீரும். ‘சிட்’ என்றால் அமர், ‘செட்’ என்றால் அமர்த்து. நம்முடைய தன்வினை, பிறவினை மாதிரியேதான். ‘லை–லே’, ‘ரைஸ்–ரெய்ஸ்’ சோடிகளும் இந்த வகை. அலாரம் வைப்பது, வினாத்தாள் தயாரிப்பது, முறிந்த எலும்பைப் பொருத்துவது எல்லாமே ஒன்றை அதற்குரிய இடத்தில் அமர்த்துவதுதான்.

தொகுதி என்ற பொருளில் வரும் பெயர்ச்சொல் வேறு வழியாக வந்தது. பழைய பிரெஞ்சு வழியே லத்தீன் ‘செக்டா’, அதாவது ஒருவரைப் பின்பற்றும் கூட்டம். “அவன்ட செட்” என்று கூட்டாளிமாரைச் சொல்கிறோமே, அது வேருக்கு மிகக் கிட்ட! கணிதத்தில் வரும் ‘செட்’ நம் பாடநூலில் தொடை, தமிழ்நாட்டில் கணம். கலந்துவிட வேண்டாம்.

ஆவணத்தமிழ்

உங்கள் ஐந்துக்கும் வருவோம்.

‘செட் அவுட்’ இங்கே ‘அட்டவணையில் குறிப்பிடப்பட்டுள்ள’ என்பதுதான். வேறிடத்தில் புறப்படுதல் என்றும் வரும்.

‘செட் ஓஃப்’ செய்வதைக் ‘கழித்து நேர்செய்தல்’ என்று எழுதுங்கள். முற்பணம் 3,00,000 ரூபா, இரண்டு மாத வாடகை நிலுவை 90,000, சேதம் 25,000 என்றால் திருப்பித் தரவேண்டியது 1,85,000. வெறும் ‘ஈடு’ என்று போட்டால் வாசிப்பவர் அடமானம் என்று நினைப்பார்.

கவனம் தேவைப்படுவது ‘செட் அசைட்’. பணத்துக்கு வந்தால் ‘ஒதுக்கி வைத்தல்’, பத்திரப்படுத்துவது. தீர்ப்புக்கு வந்தால் நேர் எதிர்: ரத்துச் செய்வது. 1995ஆம் ஆண்டு 11ஆம் இலக்க நடுவர் தீர்ப்புச் சட்டத்தின்படி, தீர்ப்பு கிடைத்து 60 நாளுக்குள் மேல் நீதிமன்றத்தில் கேட்பது இதைத்தான். அங்கே ‘ஒதுக்கி வைத்தது’ என்று எழுதினால், தீர்ப்பு இன்னும் உயிரோடு இருப்பது போலாகிவிடும். ‘தள்ளுபடி’யும் சரியல்ல, அது மனுவுக்கு உரியது.

திறப்பு விஷயத்தில் ‘இரண்டு திறப்பு’ என்று எழுதிவிடாதீர்கள். கேட், முன்கதவு, அறை என மூன்று பூட்டு இருந்தால் இரண்டு செட் என்பது ஆறு திறப்பு. ‘ஒவ்வொரு பூட்டுக்கும் 2 வீதம், மொத்தம் 6’ என்று எண்ணைப் போட்டால் வீடு ஒப்படைக்கும் நாளில் சண்டை வராது.

கொழும்பு_ஆறு

நன்றி. பின்னிணைப்பில் இன்னும் இரண்டு. “த லேண்ட்லோர்ட் செட் த ரென்ட்” என்று ஒரு வரி. அடுத்து, குளியலறைத் திருத்த வேலையில் சாந்து ‘செட்’ ஆகும் முன் தண்ணீர் விடக்கூடாதாம்.

அகராதிப்புழு

முதலாவது இறந்தகாலம். இந்த வினை மூன்று காலத்திலும் வடிவம் மாறாது. ஆனால் எழுவாய் ஒருமைப் படர்க்கையாக இருந்தால் நிகழ்காலத்தில் ‘செட்ஸ்’ என்று ‘ஸ்’ ஏறும். இங்கே இல்லை, ஆகவே ‘வாடகையை நிர்ணயித்தார்’. எழுவாய் ‘தே’ என்றிருந்தால் இந்தத் துப்பு கிடைக்காது, பக்கத்தில் உள்ள திகதியைப் பாருங்கள்.

சைட்_பாஸ்

சாந்துக்கு ‘இறுகுதல்’. ‘உறைதல்’ ஜெலிக்கும் தயிருக்கும். ‘காய்தல்’ என்று மட்டும் எழுத வேண்டாம். சீமெந்து ஈரம் போவதால் இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. இறுகுவதும் வலுப்பெறுவதும் வேறு வேறு: 42.5 வகைச் சீமெந்து 60 நிமிடத்துக்கு முன் இறுகத் தொடங்கக் கூடாது என்பது தரவிதி, வலுவைச் சோதிப்பதோ 28ஆம் நாளில். இறுகத் தொடங்கிய சாந்தில் மேசன் தண்ணீர் ஊற்றிக் கிளறினால் வலு குறையும். ஆனால் நன்றாக இறுகியபின் ஈரமாக வைப்பது நல்லது. அதனால் அந்த வரியை ‘இறுகும் வரை தண்ணீர் படக்கூடாது’ என்று எழுதுங்கள்.