சியோல் தில்குஷா வீடு: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

மலையேறி: அமெரிக்கப் பத்திரிகை நிருபர் ஆல்பர்ட் டெய்லரும் மனைவி மேரியும் சியோலில் கட்டி வாழ்ந்த செங்கல் வீடு இது, இப்போது அருங்காட்சியகம். நேரே விஷயத்துக்கு வருகிறேன். டோங்நிம்முன் ஸ்டேஷனிலிருந்து மேடேறி, மூச்சு வாங்க அந்த அடிக்கல் முன்னால் நின்றேன். 'தில்குஷா 1923', கீழே பைபிளின் சங்கீதம் 127:1. கீழ்வரி மனப்பாடம், 'கர்த்தர் வீட்டைக் கட்டாராகில்'. மேலே உள்ள சொல்தான் தெரியாது. ஒரு பாட்டி வந்து, "இந்தியாவா? இதற்கு என்ன அர்த்தம்?" என்று கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினார். நான் திருநெல்வேலிக்காரன், இந்திக்கு எங்கே போவேன்? 'தில்' என்றால் இதயம் என்பது மட்டும் தெரியும் என்பதால் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். பதறிப்போய், கீழே மருந்துக்கடை இருக்கும் பக்கம் கை காட்டினார். லக்னோ அரண்மனை ஒன்றின் பெயர், மேரி டெய்லர் ஆசைப்பட்டு வைத்தது என்றாவது சொல்லியிருக்கலாம். இன்னமும் உறுத்துகிறது.

அரைத்தூக்கம்: எனக்கு அந்த வரவேற்பறை. "இங்கேதான் குழந்தை படுக்கைக்கு அடியில், ஜப்பான் ஆட்சியில் இருந்த கொரியாவின் சுதந்திரப் பிரகடனத்தை ஒளித்து வைத்தார்கள்" என்று மகளிடம் சொன்னேன். ஆறு வயது. கயிற்றைத் தாண்டிப் போய், தரையில் கன்னம் பட, சோபாவுக்கு அடியில் பார்த்தாள். ஊழியர் ஓடி வந்த ஓட்டம் கண்ணிலேயே நிற்கிறது.

செங்கல் சித்தப்பா: தம்பி, பிள்ளைக்குத் தப்பாகச் சொல்லாதீர்கள். அது நடந்தது 1919, மேரிக்குக் குழந்தை பிறந்த செவரன்ஸ் மருத்துவமனையில். வீடு கட்டியதே 1923. செய்தி வெளியே போக, ஆல்பர்ட் டெய்லரின் தம்பி அந்தப் பிரகடனத்தை ஷூ குதிகாலில் மறைத்து டோக்கியோவுக்குக் கொண்டுபோனார். நான் போனது திங்கட்கிழமை, பூட்டியிருந்தது. வெளிச்சுவரை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். ஆனால் அந்தச் சுவர் போதும். செங்கல்லைப் படுக்கப் போடாமல் நிறுத்தி வைத்து, நடுவில் பொந்து விட்ட ரேட் டிராப் கட்டு. கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பியதும் இதுதான். கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம், வெயில் சட்டென்று உள்ளே இறங்காது. வீடு கட்டுகிறவர்கள் கவனியுங்கள்: பொந்துக்குள் கலவை விழக் கூடாது. வயரிங் குழாய் எங்கே என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள், அப்புறம் சுவரைக் கொத்தினால் போச்சு. மேஸ்திரி "பழக்கமில்லை சார்" என்பார். ஒரு சின்னச் சுவர் கட்டச் சொல்லிப் பாருங்கள்.

மலையேறி: சித்தப்பா, இங்கே யார் வீடு கட்டுகிறார்கள்?

அரைத்தூக்கம்: மகளிடம் திருத்திச் சொல்லிவிட்டேன். "அங்கே ஒன்றும் இல்லையென்றால் அந்த மாமா ஏன் பார்க்க விடவில்லை?" என்கிறாள்.