பெங்களூரில் போலரைசிங் மைக்ரோஸ்கோப் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே, அல்சூரில் இருக்கிறேன். பெரம்பலூர் பக்கம் காரை கிராமத்து மாமா வீட்டிலிருந்து கொஞ்சம் சாம்பல் நிறக் களிமண் வந்திருக்கிறது. அந்த இடமெல்லாம் சுமார் 10 கோடி ஆண்டுக்கு முன் கடலடி. அதில் காக்கோலித் தேட ஆசை, அதாவது கடல் பாசி தன் உடம்பைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும் சுண்ணாம்புத் தகடுகள். ஒவ்வொன்றும் சில மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) இருக்கும் என்பதால் சாதாரண பள்ளிக்கூட மைக்ரோஸ்கோப் போதாது, 1000 மடங்கு பெரிதாகக் காட்ட ஆயில் லென்ஸ் (ஸ்லைடில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) வேண்டும், அதோடு இரண்டு போலரைசர் தாளை (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்) குறுக்காக வைத்தால் தகட்டின் நடுவே கறுப்புச் சிலுவை தெரியும், அதையும் தகட்டின் வடிவத்தையும் வைத்து இனம் பிரிக்கிறார்கள், இனத்தை வைத்துப் பாறையின் வயதையும் சொல்கிறார்கள்.

இப்படித் தகடு போர்த்தும் பாசிகளில் ஒன்றான எமிலியானியா ஹக்ஸ்லேயியின் கதை இன்னும் சுவாரசியம். கடல் குளிர்ந்தால் அது உண்டாக்கும் ஆல்கினோன் என்ற கொழுப்பில் இரட்டைப் பிணைப்பு கூடும், சூடானால் குறையும். அந்தக் கொழுப்பு சேற்றில் தங்கிவிடுவதால் பழைய கடலின் வெப்பத்தையே கணக்குப் போடலாம். சரி, அதெல்லாம் ஆய்வகத்து வேலை, வீட்டில் நடக்காது.

ஸ்லைடு போட்டுவிடுவேன், பல்குச்சியால் சுரண்டி ஒரு சொட்டு நீரில் தேய்த்துக் காயவைத்தால் போதும். போலரைசர் தாளும் இங்குள்ள எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் பழைய எல்சிடி திரையிலிருந்து கிடைத்துவிடும். மைக்ரோஸ்கோப்தான் சிக்கல். புவியியல் துறையில் யாராவது தெரிந்தவர்கள் இருந்தால், ஒரு சனிக்கிழமை மதியம் பார்க்க விடுவார்களா என்று கேட்டுச் சொல்லுங்களேன். அப்புறம், களிமண்ணை அப்படியே தேய்க்கலாமா, மணலை முதலில் படியவிட்டுப் பிரிக்க வேண்டுமா?