காரில் ஹீட்டர் போட்டால் கண்ணாடியில் ஆவி மூடுகிறது, இடது பக்கக் கார்பெட் ஈரம். எங்கே ஒழுகுகிறது?

குன்னூர்வாசி:
2012 மாடல் பெட்ரோல் வண்டி. விடியற்காலை ஐந்தரைக்கு மனைவியை ஊட்டியில் வேலைக்கு விட வேண்டும், அந்தக் குளிரில் ஹீட்டர் இல்லாமல் ஆகாது. பத்து நாளாக ஹீட்டரைப் போட்டதுமே முன் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி மூடிக்கொள்கிறது, துணியால் துடைத்தால் எண்ணெய் தடவியது போல இழுவுகிறது. அவர் கால் வைக்கும் இடத்தில் ரப்பர் மேட் விரிப்பைத் தூக்கினால் கார்பெட் சொதசொத என்று இருக்கிறது. ஒர்க் ஷாப்பில் ஹீட்டர் கோர் (எஞ்சினின் சூடான நீர் ஓடி, உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டர்) போய்விட்டது, டேஷ்போர்டு முழுக்க இறக்கணும் என்கிறார்கள். ஒரு முறை இறக்கினால் அப்புறம் கடகடவென்று சத்தம் வருமோ என்று பயமாக இருக்கிறது. அதற்கு முன் உறுதி செய்துகொள்ள வழி உண்டா?

கோத்தகிரி டிரைவர்:
முதலில் அது எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். வெள்ளை டிஷ்யூ பேப்பரைக் கார்பெட்டில் அழுத்தி எடுங்கள். நிறம் ஏறி, விரலில் வழவழத்து, இனிப்பு வாடை வந்தால் கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். நாக்கில் மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள், விஷம். நிறமும் வாடையும் இல்லையென்றால் மழைத் தண்ணீராகவோ ஏசித் தண்ணீராகவோ இருக்கும். எஸ்டேட் ஓரம் நிறுத்தும் வண்டிகளில் சில்வர் ஓக் இலை வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் சேர்ந்து, வடிகிற ஓட்டையை அடைத்து, ஐப்பசி மழை அப்படியே பிளோயர் (காற்றை உள்ளே தள்ளும் விசிறி) வழியாக உள்ளே இறங்கும். என் வண்டியில் மக்கிய இலை மட்டும் இரண்டு கை நிறைய வந்தது.

மேட்டுப்பாளையம் மெக்கானிக்:
கண்ணாடியில் பிசுக்கு என்றாலே கூலண்ட் ஆவிதான் சார், மழைத் தண்ணீர் அப்படிப் படியாது. ஆனால் கோர்தான் போச்சு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. எஞ்சினிலிருந்து இரண்டு ஹோஸ் உள்ளே போகும், அந்தக் குழாய் கோரில் சேரும் இடத்து ரப்பர் வளையம் காய்ந்து போனாலும் இதே மாதிரிதான் ஒழுகும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் பிரஷர் சோதிக்கும் பம்பை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அழுத்தம் வரை அடித்து, பதினைந்து நிமிடம் பம்பின் மீட்டர் முள் இறங்குகிறதா பாருங்கள். இறங்கினால் டேஷ்போர்டின் ஓரக் கவரை மட்டும் கழற்றி டார்ச் அடித்தால் ஈரம் எங்கே தொடங்குகிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அவசரத்துக்கு அந்த இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்து ஓட்டலாம், ஆனால் வெந்நீர் உள்ளே போகாது, மூடுபனியில் கண்ணாடி தெளியாது, விடியற்காலைப் பயணத்துக்கு ஆபத்து. ஓட்டை அடைக்கும் பவுடர் போடாதீர்கள், கோரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும்.

ஊட்டி 72:
கூலண்ட் அளவைத் தினமும் பாருங்கள். வெறும் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்க வேண்டாம். ஊட்டி 2240 மீட்டர் உயரம், இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஒழுகி அழுத்தம் குறைந்த எஞ்சினுக்கும் அதே கதிதான், ஏற்றத்தில் சூடேறி நிற்கும். கழற்றும் கூலண்டை வாசலில் ஊற்றிவிடாதீர்கள், இனிப்பாக இருப்பதால் தெருநாய் நக்கும், சிறுநீரகம் போய்விடும்.

குன்னூர்வாசி:
டிஷ்யூ பச்சையாக வந்தது. பிரஷர் போட்டதில் முள் மெல்ல இறங்கியது. ஓரக் கவரைக் கழற்றி டார்ச் அடித்தால் கோர் காய்ந்தே இருக்கிறது, குழாய் சேரும் இடத்தில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது, துடைத்தால் மறுபடி திரள்கிறது. வளையம் இரண்டும் மாற்றியாச்சு, டேஷ்போர்டில் கை வைக்கவில்லை. கார்பெட்டை வெயிலில் போட்டிருக்கிறேன், வெயில் வரணும். மெக்கானிக் அண்ணனுக்கு ரொம்ப நன்றி.