உதவி: குர்ஆன்ல சூரா ஷம்ஸ்ல சத்தியத்துக்கு ஜவாபு (சத்தியம் பண்ணி உறுதியா சொல்ற விஷயம்) எந்த ஆயத்து (வசனம்)?

அரபி_வாசிப்பு:
ஸலாம். நஹ்வு (அரபி இலக்கணம்) படிச்சிட்டு இருக்கேன், ஷம்ஸ் சூரால மாட்டிக்கிட்டேன். வஷ்ஷம்ஸி வளுஹாஹா, சூரியன் மேலயும் அதோட வெளிச்சம் மேலயும் சத்தியமான்னு ஆரம்பிச்சு சந்திரன், பகல், இரவு, வானம், பூமி, நஃப்ஸு (ஆன்மா)ன்னு சத்தியம் போயிட்டே இருக்கு, எதைச் சொல்ல இவ்வளவு சத்தியம்னு பிடிபடல. ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி வர்ற வாவு ("வ"ங்கிற எழுத்து) எல்லாத்துக்கும் ஒரே வேலைதானா? அல்லாஹ் ஏன் சூரியன் மேல சத்தியம் பண்ணனும்?

நஹ்வு_பிரியன்:
வ அலைக்கும் ஸலாம் பாய். உறுதியா சொல்ல வர்ற இன்ன, லாம் ("ல"), கத், இல்லேன்னு சொல்ற மா, இதுல ஒண்ணு எங்க வருதுன்னு பாருங்க, ஜவாபு பெரும்பாலும் அங்கதான். ஷம்ஸ்ல அது 9வது ஆயத்து, கத் அஃப்லஹ மன் ஸக்காஹா, நஃப்ஸை சுத்தப்படுத்தினவர் ஜெயிச்சுட்டார்னு. லகத்னு வரவேண்டியது, நடுவுல பேச்சு நீண்டதால லாம் விழுந்துருச்சும்பாங்க. முதல் வாவு கஸமுக்கு (சத்தியத்துக்கு), ஷம்ஸுக்கு ஜேர் (கடைசியில "இ" ஒலி) வர்றது அதாலதான். மீதி வாவெல்லாம் அத்ஃபு, அதாவது முன்னதோட சேர்க்கிற "உம்". லைல் சூராவை வச்சு பழைய இலக்கண அறிஞர்கள் கலீலும் ஸீபவைஹியும் இதைத்தான் சொல்றாங்க, ஒவ்வொண்ணும் தனி கஸம்னா ஒவ்வொண்ணுக்கும் ஜவாபு வேணுமே.

பலாகா_ஆர்வலர்:
கடைசி கேள்விக்கு நான் சொல்றேன். பழைய அரபிக் கவிஞர் ஸுஹைர் தன் முஅல்லகாவில (புகழ்பெற்ற நெடும்பாட்டுல) கஃபா மேல சத்தியம் பண்றார், அங்க புனிதம்தான் பலம். குர்ஆன்ல சத்தியம் பண்ற பொருளே சாட்சியா வந்து நிக்குதுன்னு குர்ஆன் அறிஞர் ஃபராஹி (1863–1930) அழுத்திச் சொன்னார், எனக்கும் அதுதான் சரின்னு படுது. ளுஹா சூராவைப் பாருங்க. நபிக்கு வஹீ (இறைச்செய்தி) கொஞ்ச காலம் நின்னுபோய், ரப்பு (இறைவன்) இவரைக் கைவிட்டுட்டான்னு மக்கால பேசின நேரம். அப்போ இறங்கினது முற்பகல் வெளிச்சம் மேலயும் அடங்கின இரவு மேலயும் சத்தியம், ஜவாபு மா வத்தஅக ரப்புக வமா கலா, உம் இறைவன் உம்மைக் கைவிடவும் இல்ல வெறுக்கவும் இல்ல. இருட்டுக்குப் பிறகு வர்ற பகல், நின்ன வஹீக்குப் பிறகு வர்ற வஹீ, ரெண்டும் எப்படிப் பொருந்துதுன்னு பழைய அறிஞர் இப்னுல் கையிம் எடுத்துக் காட்டியிருக்கார். இதை ஓதும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைஞ்சுடும்.

அரபி_வாசிப்பு:
ஜஸாகல்லாஹ், 9வது இப்போ தெளிவா தெரியுது. ஆனா ஃபஜ்ர் சூரால 4 ஆயத்து சத்தியம், 5ல அறிவுள்ளவனுக்கு இதுல சத்தியம் இருக்கான்னு கேள்வி, உடனே அழிஞ்சுபோன ஆது கூட்டத்தோட கதை வந்துடுது, ஜவாபையே காணோமே?

நஹ்வு_பிரியன்:
அங்க ரெண்டு கருத்து. 14வது ஆயத்து இன்ன ரப்பக லபில் மிர்ஸாத், உம் இறைவன் கண்காணிச்சுட்டே இருக்கான், அதான் ஜவாபுன்னு சிலர், இன்ன வருது பாருங்க. ஜவாபு மஹ்தூஃப் (சொல்லாம விட்டது), கேக்கிறவனே புரிஞ்சுக்கட்டும்னு விட்டதுன்னு மத்தவங்க. எதை எடுத்தாலும் 14 வரைக்கும் ஒரே மூச்சா ஓதிப் பாருங்க, அழிக்கப்பட்ட ஆது, ஸமூது கூட்டங்கள், எகிப்து மன்னன் ஃபிர்அவ்ன் எல்லாரும் அந்த ஒரு வரியிலதான் வந்து சேர்றாங்க.